நாலு மொழிப் பாட்டும் ஒரு படுக்கை விரிப்பும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்காது. இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் வேலை முடியும்வரை பாடிக்கொண்டே இருப்பாள். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற நெட்டைக்காரிக்குக் கேட்டுவிட்டது. அவள் வேறு நாட்டுக்காரி. தன் மொழியில் எதிர்ப்பாட்டு எடுத்தாள். ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் அக்கார்டியன் வாத்தியத்தோடு வந்து ஒட்டிக்கொண்டார். அவர் பாடியது மூன்றாவது மொழி. எதிரே இருந்த ரொட்டிக்கடைக்காரர் தோல்மேளத்தோடு நாலாவது மொழியைக் கொண்டுவந்தார். குழு உண்டான கதை இவ்வளவுதான்.

ஒருவர் விட்ட அடியை அடுத்தவர் தன் மொழியில் எடுக்கிற மாதிரி ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஆஸ்பத்திரி ஆண்டுவிழா மேடையில் அது கவிழ்ந்தது. எலக்ட்ரீஷியன் உருகிப்போய் அடியின் நடுவில் மூச்சு வாங்கினார். அந்த மொழி தெரியாத ரொட்டிக்கடைக்காரர், அடி முடிந்ததென்று நினைத்துப் பாய்ந்தார். விரிப்பு மடிக்கிறவளும் பின்னாலேயே பாய்ந்தாள். மேடை சந்தைக்கடை ஆனது. சபை சிரித்தது. பஸ் ஓட்டுகிற அவள் புருஷனும் சேர்ந்து சிரித்தார். ஊர் சிரித்தது போகட்டும், அவர் சிரித்ததுதான் அவளைச் சுட்டது.

"வேலை உண்டு, வீடு உண்டுன்னு இரேன். மேடையெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றார் வீட்டில். அவள் காய்ந்த விரிப்பின் நடுவைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடித்தாள். வீட்டில் மறுமுனை பிடிக்க என்றைக்கும் ஆள் கிடையாது.

அதற்குப் பிறகு நகர மண்டபத்தில் பாட ஒரு வாய்ப்பு வந்தது. "இந்தத் தடவையும் கவுந்தா குழுவை மூடிட்டு அவங்கவங்க வேலையப் பாப்போம்" என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். அவள் நினைத்துப்பார்த்தாள். மறுபடி இயந்திரங்களிடமா பாடுவது? ஒருவர் வரியை ஒருவர் எழுதிவைத்து உருப்போட்டார்கள். மண்டையில் ஏறினால்தானே!

ஒருநாள் வேலையில் விரிப்பை உதறும்போது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இத்தனை வருஷமாக நெட்டைக்காரியோடு பேச்சே இல்லாமல் மடிக்கிறாள். எப்போது கிட்டே வரவேண்டும் என்று யார் சொன்னார்கள்? நெட்டைக்காரியின் தோள் லேசாக இறங்கும். இவள் கால் தானாக நடக்கும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஒத்திகைக்குக் கிழிந்த விரிப்பு ஒன்றோடு போய் நின்றாள். "வாத்தியத்தக் கீழ வையுங்க. ஆளுக்கொரு முனையப் பிடிங்க."

"பாடணுமா, துவைக்கணுமா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"பிடிங்கண்ணா. அடி முடிஞ்சவங்க தோளை இறக்கி முனையத் தளர விடுங்க. அடுத்தவங்க இழுத்துட்டுப் பாடுங்க. காதை விடுங்க, தோளப் பாருங்க."

விரிப்பு கந்தலாகும்வரை பாடினார்கள். பிறகு விரிப்பு இல்லாமலும் வந்தது.

மண்டபத்தில் நால்வரும் வட்டமாக நின்றார்கள். "ஜனங்களப் பாத்து நில்லுங்க" என்றார் நிர்வாகி. "ஜனங்க எங்களப் பாக்கட்டும். நாங்க எங்களப் பாத்துக்கறோம்" என்றாள் அவள்.

எலக்ட்ரீஷியன் அதே இடத்தில் உருகி, அதே மாதிரி மூச்சு வாங்கினார். ரொட்டிக்கடைக்காரரின் வாய் திறந்துவிட்டது. ஆனால் எலக்ட்ரீஷியனின் தோள் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டார். தோள் இறங்கியது, எடுத்தார் பாருங்கள், மேளமும் குரலும் ஒன்றாக! அவரிடமிருந்து நெட்டைக்காரிக்கு, அவளிடமிருந்து இவளுக்கு. இயந்திர இரைச்சலுக்கு அடியில் கிடந்த குரலை இவள் முழுசாக அவிழ்த்துவிட்டாள். சபை எழுந்து நின்று மறுபடி பாடச் சொன்னது; கடைசி வரிசையில் அவள் புருஷனும் நின்றார். மறுபடி பாடினார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் வீட்டில் விரிப்பை மடிக்கத் தாடையில் இடுக்கப்போனாள். மறுமுனை தானாக எழுந்தது. புருஷன் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வரணும்னு எப்படித் தெரியும்?"

"தோளப் பாருங்க."

பார்த்தார். வந்தார். ரொட்டிக்கடைக்காரரின் அடியைத் தப்பும் தவறுமாக முனகிக்கொண்டே வந்தார். அவள் திருத்தவில்லை, அவர் முடிக்கிறவரை காத்திருந்து, தன் அடியை எடுத்தாள்.