சோற்றுக்கை

கன்னியம்மாவுக்கு விடை தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவளைக் கூப்பிடவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், தாம்பரத்துக்கு இந்தப் பக்கம், கல்குவாரி ஓரத்து அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பாதிப் பிள்ளைகள் விடிந்ததும் பெற்றோருடன் ஒரு கூடை ஜல்லி உடைத்துவிட்டுத்தான் வருவார்கள். தலையெல்லாம் கல்தூசி இருக்கும். அந்தப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பதினாறு வரை தலைகீழாகச் சொல்வார்கள்!

எல்லாம் என் திறமை என்று ஊரார் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை... உண்மையில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவள் கன்னியம்மா. மதிய உணவு வரிசையில் நிற்கும்போதே பின்னால் திரும்பி, "ஏழெட்டு எவ்ளோ, சொல்லு" என்பாள். தப்பாகச் சொன்னவர்கள் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை? பத்து வயதுப் பெண்ணைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. அவர் என்ன கேட்டாலும் எல்லோரும் கை தூக்கவேண்டும். தெரிந்தவர்கள் சோற்றுக்கை, தெரியாதவர்கள் பீச்சாங்கை. சோற்றுக்கையைத் தூக்கியவர்களை மட்டும் நான் எழுப்புவேன். வகுப்பு முழுவதும் கெட்டி என்று எழுதிவிட்டு அவர் போய்விடுவார்.

அந்த வருடம் வந்தவர் நல்ல மனிதர். ஆறு பேர் நான்கு நாளில் கட்டும் சுவரை மூன்று பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று கேட்டார். சரியாகச் சொல்லும் பெண்ணுக்குப் பட்டணத்தில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் இலவசமாக இடம் கிடைக்கும் என்றும், தானே சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

நாற்பது கைகள் உயர்ந்தன. சோற்றுக்கை ஒன்றே ஒன்று, தையற்காரர் மகள் மேரியுடையது. கன்னியம்மா தூக்கியிருந்தது பீச்சாங்கை. சோற்றுக்கையில் துணிக்கட்டு. முந்தின நாள் சுத்தியல் விரலில் விழுந்திருந்தது. அந்தக் கட்டை நான் பார்த்தேன். எட்டு... எட்டு... என்று அவள் உதடு அசைந்ததையும் பார்த்தேன்.

மேரியை எழுப்பினேன். "எட்டு நாட்கள், ஐயா" என்றாள், ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதம் வாசித்துப் பழகிய சுத்தமான தமிழில். மேரியும் கெட்டிக்காரிதான். அவள்மேல் குறை ஏதுமில்லை.

பின் ஏன்? நான் வைத்த விதிப்படி நடந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். கன்னியம்மா எழுந்து "எட்டு நாளு ஆவும் சார்" என்று சொல்லிவிடுவாளே என்று கூசினேன். என் வகுப்பின் தமிழைப் பற்றி அவர் என்ன நினைப்பார்... அவ்வளவுதான் காரணம்.

பள்ளி விட்டதும் அவளே வந்தாள்.

"டீச்சர், பீச்சாங்கைய தூக்குனேன்ல, தெரியாதுன்னு நெனச்சிகினீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"அதான பாத்தேன். நீங்க இன்னா பண்ணுவீங்க? வலிச்சா வலிக்கட்டும்னு இந்தக் கையத் தூக்கியிருக்கணும். என் தப்புதான் டீச்சர்."

என்னைத் தேற்றிவிட்டுப் போனாள்! கூப்பிடாமல் விட்டதற்காவது கூச்சம் ஒரு காரணம். அந்த 'ஆமாம்' எதற்கு? ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மேரி பட்டணத்துப் பள்ளிக்குப் போனாள், கன்னியம்மா குவாரிக்கே போனாள்.

எழுபதுகளின் கடைசியில் மகளைச் சேர்க்க வந்தாள். அப்போது அதே பள்ளியில் நான் தலைமையாசிரியை. எந்த லாரியில் எத்தனை கூடை ஏறும் என்று குவாரி மேஸ்திரிகூட அவளைத்தான் கேட்பாராம். பேசிக்கொண்டே ஒரு நொடியில் பெருக்கிக் காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கென்ன உரிமை?

கிளம்பும்போது மகளின் வலது கையைப் பிடித்து உயர்த்தினாள்.

"தெரிஞ்சா இந்த சோத்துக்கையத்தான் தூக்கணும். வலிச்சாலும் இதத்தான். இல்லாங்காட்டி டீச்சருக்கு எப்பிடித் தெரியும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... நான் தலையைக் குனிந்துகொண்டு, பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதினேன்.