பாய்மரத்தடி உத்தியோகம்

அத்தானுடைய வள்ளத்தில் எனக்கு ஒரேயொரு வேலைதான். அவர் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நான் நடுவில், பாய்மரத்தடியில் நின்று பாயை ஏற்றுவேன், இறக்குவேன், காற்றுக் கூடினால் சுருக்குவேன். கயிறுகளெல்லாம் மரத்தோடு கட்டியிருந்தபடியால் அங்கே ஓர் ஆள் நின்றே ஆகவேண்டும். அந்த ஆள் நான். சனிக்கிழமை காலை பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து காரை எடுத்து, கர்க்லாண்டில் அத்தானையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டால், பின்னேரம் வரை என்னை ஒருவரும் பிடிக்க முடியாது. போகாவிட்டால் லவாலில் மனைவிக்குப் பின்னால் கடை கடையாகப் பை தூக்கவேண்டும். அந்த உத்தியோகத்தை நான் எவ்வளவு மதித்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதைக் கெடுத்தது என் வாய்தான்.

போன ஆவணியில் திடீரென்று ஒரு காற்று. பாயை இறக்கப் போன இடத்தில் வழுக்கி, ஒரு கால் தண்ணீரிலும் மற்றது வள்ளத்திலுமாக, வள்ளத்தின் ஓரக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினேன். அருகில் போன வள்ளத்துக் கிழவர் "சா வா, மொஸ்யு?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டார். "சா வா, சா வா" என்றேன். தொங்குகிறவன் வேறென்ன சொல்ல? ஒரு சப்பாத்து மட்டும்தான் நட்டம்.

"வீட்டில மூச்சு விடாதையும்" என்றார் அத்தான்.

மூன்று கிழமை மூச்சு விடவில்லை. பிறகு ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் தின்ன ஒரு ரோல்ஸும் முன்னால் பத்துப் பேரும் கிடைத்தபோது கதை தானாக வந்துவிட்டது. தண்ணீர் முழங்காலிலிருந்து கழுத்துக்கு ஏறியது. காற்று புயலானது. அந்தக் கிழவர் மீட்புப் படையே ஆகிவிட்டார். பத்துப் பேருக்கும் பின்னால் அக்கா நின்றதை நான் காணவில்லை. அத்தானைக் கட்டியவர் என்னுடைய சொந்த அக்கா.

அக்கா சத்தம் போடுகிற ஆள் இல்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் அத்தானிடம் சொன்னாராம்:

"இனி ஒருத்தரும் அந்த மரத்தடிக்குப் போகக்கூடாது. கயிறெல்லாம் நீங்கள் இருக்கிற இடத்துக்கு வரவேணும். இல்லாட்டி வள்ளத்தை வித்துப்போடுங்கோ."

அத்தான் கவலைப்படுவார் என்று பார்த்தால், மனிதருக்கு வலு சந்தோஷம். முப்பது வருஷம் பட்டறையில் இரும்பு கடைந்தவர். ஓய்வு எடுத்ததிலிருந்து கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. பனிக்காலம் முழுக்கக் கடை விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் படம் கீறினார். மரத்தின் அடியில் கப்பிகள். அங்கிருந்து கயிறுகள் வள்ளத்து அறைக் கூரையின் மேலால் பின்னுக்கு வரும். கூரை முடிகிற இடத்தில், ஒவ்வொரு கயிற்றையும் கவ்விப் பிடிக்க ஒரு பிடி. அதற்குப் பக்கத்தில் வின்ச்: கயிற்றைச் சுற்றிக் கைபிடியால் திருகுகிற உருளை.

நான் என்னாலான முட்டுக்கட்டையெல்லாம் போட்டேன்.

"அத்தான், இத்தனை கப்பிக்குள்ளால வந்தா கயிறு இறுகுமெல்லோ."

"அதுக்குத்தான் வின்ச்."

"கூரையில ஓட்டை போட்டா தண்ணி ஒழுகும்."

"பெரிசா ஓட்டை போட்டுப் பிசினால அடைப்பம். காய்ஞ்ச பிறகு அதுக்குள்ள சின்ன ஓட்டை. ஒரு சொட்டு இறங்காது."

"பின்னுக்கு இருக்க இடமில்லாமல் கயிறாய்க் கிடக்கும்."

"மச்சான், வேலை போகப்போகுதெண்டு நேர சொல்லும். நான் கோவிக்கமாட்டன்."

வைகாசியில், வள்ளம் இன்னும் கரையில் கட்டைகளின்மேல் நின்றபோது, வேலையைத் தொடங்கினோம். அத்தான் கூரையில் துளை போட்டார். நான் உள்ளே மல்லாந்து கிடந்து, மேலிருந்து வருகிற ஆணிகளுக்கு நட்டுப் பூட்டினேன். ஒவ்வொரு துளையையும் மூன்று தரம் அளந்தபிறகுதான் அவர் துளைத்தார். எல்லாவற்றையும் அளந்த மனிதர் கயிற்றை மட்டும் அளக்கவில்லை. அது இன்னும் நாட்டாத பாய்மரத்தோடு சேர்ந்து முற்றத்தில் கிடந்தது. பெரிய பாயை ஏற்றுகிற அந்தக் கயிறு வருஷக்கணக்காக என் கையில் கிடந்த கயிறு. பாய் இறங்கி இருக்கும்போது அதன் நுனி மரத்தடியில் என் காலடியில் இரண்டு முழம்தான் மிஞ்சிக் கிடக்கும். பின்னுக்கு எட்டவே எட்டாது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கணக்கு வேறு. தண்ணீரில் இறக்குகிற நாளில் கயிறு எட்டாது. 'இண்டைக்கு மட்டும் போம்' என்று அத்தான் கெஞ்சுவார். நான் எவ்வளவு அழகாக வேலை பார்க்கிறேன் என்று அக்கா கண்ணால் காண்பார். விஷயம் அதோடு அமுங்கிவிடும்.

அந்தச் சனிக்கிழமை அக்கா மிதவைச் சட்டையைக் கர்க்லாண்டிலேயே மாட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். மரம் நாட்டி, வள்ளம் துறையில் கட்டியிருந்தது. அத்தான் கயிற்றைக் கப்பிக்குள்ளால் விட்டு, கூரை மேலால் கொண்டுவந்தார். பிடிக்கு இரண்டு முழம் இருக்க, கயிறு முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தார். கப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது கட்டை."

"அடடா" என்றேன். "பரவாயில்லை அத்தான், இண்டைக்கு நான் முன்னுக்குப் போறன்."

"போவியோ? போ" என்று அக்கா கைபேசியை எடுத்தார். "நான் இப்பவே வள்ளம் விக்க விளம்பரம் போடுறன். உனக்கு இது முதலே தெரியும், என்ன?"

"எனக்கோ?"

"வந்து ஒரு மணித்தியாலமாச்சு. ஒரு கதை இல்லை. நீ வாயைப் பூட்டிக்கொண்டு நிண்டா ஏதோ களவு இருக்கு."

"ஏன் காணும் சொல்லேல்லை?" என்றார் அத்தான். நான் ஏரியைப் பார்த்தேன்.

அத்தான் துறைக் கடையில் நீளமான கயிறு வாங்கி வந்தார். என்னிடம் கடைசியாக ஒரு துரும்பு மிச்சமிருந்தது. "இது மர உச்சிக் கப்பிக்குள்ளால போகவேணும். முப்பதடி. ஆர் ஏறுறது? மரத்தைத் திரும்பச் சரிக்கவேணும். ரெண்டு கிழமை செல்லும்."

அக்கா கைப்பையைத் திறந்து ஊசியும் நூலும் எடுத்தார். சபனெல் தெருவில் இருபது வருஷம் கோட்டுகளுக்குக் கைத்தையல் போட்டவர். "பழசின்ர நுனியையும் புதுசின்ர நுனியையும் முட்டவைச்சுப் பிடி" என்றார் என்னிடம். என் கையைக் கொண்டே என் வேலைக்கு உலை வைத்தார். தையல் கயிற்றைவிடத் தடிக்கவில்லை.

கட்டியிருக்கிற வள்ளத்தில் மரத்தடிக்குப் போகலாம் என்று அக்கா அனுமதித்ததால், அத்தான் அங்கே நின்று பழைய கயிற்றின் மற்ற முனையை இழுத்தார். தையல் கூரையைத் தாண்டி, கப்பியைத் தாண்டி, மரத்தில் ஏறியது. மூவரும் வாயைத் திறந்தபடி மேலே பார்த்தோம். உச்சியில் சிக்கியது. அத்தான் பலமாக இழுத்தார்.

"இழுக்காதேங்கோ. கொஞ்சம் விட்டு, பிறகு எடுங்கோ."

விட்டு எடுத்தார். வந்துவிட்டது.

ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்தினோம். அத்தான் சுக்கானில். அக்கா வின்ச்சடியில். நான் இருவருக்கும் நடுவில், மடியில் கட்லட் பெட்டியோடு.

அக்கா கயிற்றை உருளையில் மாறிச் சுற்றினார்.

"மற்றப் பக்கம். மணிக்கூட்டு முள்ளுச் சுத்துற பக்கம்."

"மணிக்கூடு எங்க நிக்குது?"

"அப்பிடியில்லையப்பா, கயிறு ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுது."

"ஏறட்டும். பாயும் ஏறத்தானே வேணும்."

அத்தானின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பனிக்காலம் முழுக்கப் படம் கீறி, தன் கையால் பூட்டிய வின்ச். அதை முதன்முதலில் திருகுவது வேறு கையா? இரண்டு நிமிஷம் பொறுத்தார். பிறகு எழும்பி, பார்க்காமலே சுக்கானை என் கையில் திணித்தார். "இதை ஒருக்காப் பிடியும்."

பாய் ஏறியது. கொஞ்சம் இறங்கியது. திரும்ப ஏறியது. புருஷனும் பெண்சாதியும் ஒரு கைபிடியை மாறி மாறிப் பறித்தார்கள்.

"தம்பி, உனக்கு ஓட்டத் தெரியுமோ?" என்று அக்கா திரும்பிப் பாராமல் கேட்டார்.

"ஓம்" என்றேன். அதுவரை நான் சுக்கானைப் பிடித்தது இரண்டே தடவைதான், இரண்டும் அத்தானுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்த நேரம்.

வள்ளம் சரிந்து வேகம் பிடித்தது. நான் பக்கம் திருப்பும்போதெல்லாம் "கயிற்றை விடுங்கோ, மற்றதை இழுங்கோ" என்றேன். இழுத்தார்கள். யார் இழுப்பது என்பதில்தான் சண்டை. நான் சொன்னதில் இல்லை. அத்தான் அன்று முழுக்க வின்ச்சடியை விட்டு அசையவில்லை. அடுத்த சனியும் அசையவில்லை.

அந்த முதல் நாள் வெயில் சாயத் தொடங்க அக்கா கைகளைத் தேய்த்துக்கொண்டு, "காணும், கரைக்குத் திருப்பு" என்றார்.

அக்கா சொன்னதை நான் என் வாழ்நாளில் தட்டியதில்லை.

"பிறகு பாப்பம்" என்றேன்.