சலேத்தம்மா தடுத்த அடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஏரியூரில் புதிதாகக் குடித்தனம் வைத்திருந்தேன். பன்னிரண்டு கோழிக்குஞ்சுகளும் மணி என்ற சின்ன நாயும் வளர்த்தேன். மணிக்குக் குஞ்சுகளைக் கடித்துக் கொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

ஐந்தாவது குஞ்சு செத்த அன்று எனக்கு வெறி பிடித்தது. செத்த குஞ்சை மணியின் கழுத்திலேயே கட்டி, அதைத் தூணோடு பிணைத்து, புளியவிளாரால் விளாசினேன். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அது கத்தக் கத்த என் கை வேகம்தான் கூடியது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குக் குஞ்சின் நினைவே இல்லை. அடிப்பது பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு சலேத்தம்மா ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினார். அடுத்த அடி அவர் முழங்கையில் விழுந்து தடித்தது.

"நீங்க போங்கக்கா, இது எங்க வூட்டு நாயி" என்று கத்தினேன்.

"எதுக்கு அடி வாங்கறோம்னு அதுக்குத் தெரியுமா கண்ணு? உடு, நான் பழக்கறேன்" என்றார்.

மணியின் காயம் ஆறியதும் அதைக் கயிற்றில் பிடித்தபடி தினமும் குஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். அது பாய்ந்தால் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். சும்மா படுத்திருந்தால் களியில் ஒரு வாய் கிள்ளிக் கொடுப்பார். பதினைந்து நாளில் குஞ்சுகள் அதன் முதுகில் ஏறி நின்றன.

அதன்பின் ஒன்பது வருடம் உயிரோடு இருந்த மணி ஒரு குஞ்சைக்கூடத் தொடவில்லை. ஆனால் வாசல் பெருக்க நான் துடைப்பத்தை எடுத்தால் போதும், நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு நடுங்கும். மடியில் போட்டுத் தடவிக் கொடுத்தும் பார்த்தேன். அந்தப் பழக்கத்தை மட்டும் என்னால் கடைசிவரை மாற்ற முடியவில்லை.