புகை வராது என்று சொல்லி விற்றேன்

கரி வியாபாரத்தில் கை கறுப்பாவது முதல் நாளே பழகிவிடும். பழகாதது, வாங்கினவர் திரும்பி வந்து நம் முகத்தைப் பார்ப்பதுதான். நல்லது என்று நம்பி எதையாவது நாலு பேர் தலையில் கட்டியவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு புரியும்.

காவேரிப்பட்டினத்தில் எனக்குக் கரிமண்டி. மாம்பழக்கூழ் ஆலைகளில் கொட்டிவிடும் மாங்கொட்டையைச் சுட்டுக் கரியாக்கி, கிழங்குமாவுக் கஞ்சியில் உருண்டை பிடிக்கலாம் என்று தெரிந்ததும், மரத்தை வெட்டிச் சுடும் கரி இனி வேண்டாம் என்று அதற்கு மாறினேன்.

தம் ஏறவில்லை

ஓசூரில் ஒரு பிரியாணி மாஸ்டர், எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒரு கல்யாணத்துக்கு என் உருண்டையைத்தான் போட வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். மழைக்காலம். உருண்டை சரியாகக் காயவில்லை என்று தெரிந்தும், சமாளித்துவிடும் என்று அனுப்பிவிட்டேன்.

அண்டா மூடிமேல் போட்ட உருண்டை கொஞ்ச நேரம் கனன்று, சாம்பல் பூத்து அணைந்துவிட்டது. முதல் பந்தியில் அரிசி நறுக்கென்று கடிபட்டது. பெண்ணின் அப்பா எல்லார் முன்னாலும் மாஸ்டரை நிற்கவைத்துப் பேசினாராம். அப்போதும் மாஸ்டர் என் பெயரை எடுக்கவில்லை. மறுநாள் மீதி மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டுச் சொன்னார்:

“மரத்தைக் காப்பாத்திட்டீங்க பாய், என்னைத்தான் விட்டுட்டீங்க.”

சாத்திய கதவு

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் செல்வி என்ற பெண் குடிவந்திருந்தாள். தூத்துக்குடிக்காரி. கணவனுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கேஸ் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. கைக்குழந்தை இருக்கிறது, விறகு வைத்தால் வீடு முழுக்கப் புகை என்று கவலைப்பட்டாள். என் உருண்டையில் புகையே வராது என்று பெருமையாகச் சொல்லி ஒரு மூட்டை இறக்கினேன்.

மார்கழிக் குளிர். காலையில் அடுப்பை உள்ளே வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டாள். கரியிலிருந்து வரும் விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. எனக்கு அது தெரியும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வாங்கமாட்டாளோ என்ற எண்ணமும் இருந்தது. இன்று மறைத்து என்ன பயன்? மாவு கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டிப் பார்த்து, ஆள் கூட்டி உடைத்ததால், உள்ளே மயங்கிக் கிடந்த தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். செல்வி கோபப்படவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள்:

“புகை வராதுன்னுதான அண்ணாச்சி சொன்னிய, அப்ப கதவ எதுக்குத் தொறக்கணும்?”

அடுத்த வாரம்

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டை ஒட்டிய ஊரில் மாதம்மா இருக்கிறார். யானை நடமாடும் காட்டுக்குள் வாரத்தில் நாலு நாள் விறகுக்குப் போய்க்கொண்டிருந்தார். குறைந்த சுள்ளியில் எரியும் அடுப்பு ஒன்றைக் கொண்டுபோய் வைத்துக்கொடுத்தேன். தோட்டத்தில் கழிக்கும் மாங்குச்சியே போதும் என்றானது. காட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

சில மாதத்தில் அடுப்பின் சல்லடைத் தட்டு உடைந்தது. போன் செய்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். மாங்காய் சீசன், கொட்டை பிடிக்கும் ஓட்டத்தில் மூன்று முறை அதையே சொன்னேன். அவர் மறுபடி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார். அதற்கு விறகு நிறைய வேண்டும். காட்டுக்குப் போனவர், யானையைக் கண்டு ஓடிப் பாறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் தட்டோடு போனேன். மாட்டியதும் அடுப்பு அருமையாக எரிந்தது. கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதம்மா மெதுவாகச் சொன்னார்:

“அடுப்பு நல்ல அடுப்புதான் பாய், நீங்கதான் வர்ல.”

இப்போதும் உருண்டைதான் விற்கிறேன், ஆனால் எடை போடுகிற நேரத்தைவிட எச்சரிக்கை சொல்கிற நேரம் அதிகமாகிவிட்டதால், பாதிப் பேர் பேச்சு முடிவதற்குள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.