ஆறாவது படி வரைக்கும்தான் வெளிச்சம்

இது நடந்தது. நடக்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படிச் சொன்னால் மோகனன் ஒருவனாவது நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் நடந்தது. போன ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை, செங்கல் என்கிற ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிற ஒரு மாடி வீட்டில், மாலை சரியாக 6.52க்கு ஆரம்பித்தது. நடுராத்திரி இல்லை. நாய் ஊளையிடவில்லை. வாசலுக்கு முன்னால் ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. பேய்க்கென்று தனி நேரம் உண்டு என்று உங்களுக்கு யார் சொன்னது?

மோகனன் எலக்ட்ரீஷியன். பாறசாலையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். கதை கட்டுகிற ஆள் இல்லை. கதை கட்டத் தெரிந்திருந்தால் கடை இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

அந்த வீடு அவனுடைய அக்கா விலாசினியின் வீடு. அக்கா இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மாலையில், மொட்டை மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கியவள் படியில் விழுந்தாள். பின்மண்டையில் அடி. துணியெல்லாம் மேலிருந்து ஆறாவது படி தொடங்கிச் சிதறிக் கிடந்தது. படி லைட் எரியவில்லை. பல்பு போய்விட்டது, இருட்டில் கால் இடறிவிட்டது என்று ஊரே சொன்னது.

அந்த லைட்டைப் பார்க்க வரச் சொல்லி அக்கா அவனைப் பதினோரு தடவை போனில் கூப்பிட்டிருந்தாள். மோகனன் எண்ணி வைத்திருக்கிறான். எண்ணி என்ன பயன்?

"மக்கா, ஸ்டெப்புல லைட்டு கெடுது. ஒருக்கா வந்துட்டுப் போ."

"பல்பை மாத்துக்கா. நான் வாறேன்."

பதினோரு தடவையும் இதே பேச்சு. எங்கள் பக்கத்தில் விளக்கு அணைந்தாலும் கெட்டது என்போம், பழுதானாலும் கெட்டது என்போம். பாதி மலையாளம், பாதி தமிழ்; சொல் ஒன்றுதான். எலக்ட்ரீஷியன் காதில் அது பழுதாகத்தான் விழும். போதாததற்கு அந்த வீட்டைச் சுற்றி ரப்பர் மரம். போனில் பாதிப் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும்.

ஏன் போகவில்லை? ரோஷம். வீடு கட்டும்போது அத்தான் சதானந்தன் வயரிங் வேலையை நெய்யாற்றின்கரைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். சொந்த மச்சினன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறான், வயர் இழுக்க அசலூர்க்காரன்! 'வேற ஒருத்தன் இழுத்த வயர்ல நான் கை வைக்கமாட்டேன்' என்று அன்றைக்கு மோகனன் நாலு பேர் கேட்கச் சொன்னான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அக்காவைத்தான் காப்பாற்றவில்லை.

இப்படிப்பட்டவனைத் தேடி அக்காள் மகள் பிந்துஜா கடைக்கு வந்தாள். பிப்ரவரியில் அவளுக்குக் கல்யாணம்.

"மாமா, ஸ்டெப்புக்கு லைட்டு வேணும்."

"வாறேன்" என்றான் மோகனன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுநாளே போனான்.

அவள் போனில் ஒரு படம் காட்டினாள். நீலமும் சிவப்பும் மாறி மாறி ஓடுகிற, நாடா மாதிரியான ஸ்ட்ரிப் லைட்.

"இது என்ன மக்கா, குடிக்கிற பாரா? கல்யாண வீட்டுக்கு வாம் வைட்டு போதும். மஞ்சள் சேர்ந்த வெளிச்சம். அதுலதான் ஆளு ஆளா இருக்கும்."

மொத்தம் பதினாறு படி. ஒவ்வொரு படியின் விளிம்புக்கும் அடியில் அலுமினியச் சட்டம், அதற்குள் ஸ்ட்ரிப், மேலே பால் நிற மூடி. மூடி இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பன்னிரண்டு வோல்ட் வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான். தூரம் அதிகம், கடைசிப் படிக்குப் போகும்போது வெளிச்சம் சோர்ந்துவிடும். இருபத்துநாலு வோல்ட் வாங்கினான். கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தில் மட்டும் வெட்டினான். ஓர் அங்குலம் தள்ளி வெட்டினாலும் அந்தத் துண்டு எரியாது. மேலே ஒரு சென்சார், கீழே ஒரு சென்சார். ஆள் இறங்கினால் மேலிருந்து ஒவ்வொரு படியாக எரிந்துகொண்டே வரும், ஏறினால் கீழிருந்து. ஒருமுறை தொடங்கினால் பதினாறும் எரிந்துதான் தீரும். எல்லாவற்றையும் ஓட்டுகிற பெட்டி, கன்ட்ரோலர்; நடுவில் நிற்க அதற்குத் தெரியாது. இதை நினைவில் வையுங்கள்.

அந்த வியாழக்கிழமை காலை 10.20. பழைய பல்பைக் கழற்றினான். தூசி ஓர் அங்குலம். சும்மா ஒரு ஹோல்டரில் மாட்டிப் பார்த்தான்.

பளிச்சென்று எரிந்தது.

"அத்தான், இந்தப் பல்பு எப்ப மாத்தினது?"

சதானந்தன் கல்யாணக் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மாத்தல்ல. அது அவ விழுந்த அன்னு உள்ள பல்பாக்கும்."

மோகனன் பல்பை மறுபடியும் பார்த்தான். பல்பு போகவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு லைட்டை யாரோ அணைத்திருக்கிறார்கள். யார்? அத்தானைத் தெரியாதா? கரண்ட் பில், கரண்ட் பில் என்று வீடு முழுக்க ஸ்விட்சை அணைத்துக்கொண்டே நடக்கிற மனிதர். படிக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். அவள் இறங்கி வரும்போது இவர் கீழிருந்து...

அவனுக்கு அத்தான்மேல் வெறுப்பு வந்தது. கொஞ்சம் நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பழி தன்னை விட்டு இன்னொருவன் தலைக்குப் போகிறதென்றால் மனிதனுக்கு ஒரு சுகம்.

மதியத்துக்கு மேல் சதானந்தன் கல்யாணம் சொல்ல அம்பூரிக்குப் போனார். பிந்துஜா பிளவுஸ் தைக்கக் கொடுக்க நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினாள். வீட்டில் மோகனன் மட்டும். பழைய படி லைட்டின் வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றினான். இனி அந்த ஸ்விட்சுகளுக்கும் எந்த விளக்குக்கும் சம்பந்தம் கிடையாது. புதிய லைட்டுக்குப் படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறையிலிருந்து தனியாக லைன் எடுத்தான்.

6.45. வேலை முடிந்தது. இருட்டில் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஹால் லைட்டை அணைத்துவிட்டு, கடைசிப் படிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

6.52. மேலே முதல் படி எரிந்தது.

மோகனன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். மேலே யாரும் இல்லை. பல்லியாக இருக்கும் என்று நினைத்தான். பல்லிக்கெல்லாம் எரியாத மாதிரிதான் சென்சாரை வைத்திருந்தான். இருந்தாலும் நினைத்தான்.

இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.

நின்றது.

நிற்கக் கூடாது. நிற்கத் தெரியாது அதற்கு. மோகனன் எழுந்தான். அப்போது கேட்டது. சப்... சப்... ரப்பர் செருப்பு கிரானைட் படியில் படுகிற சத்தம். மெதுவாக, சுமையோடு இறங்குகிற சத்தம். ஆறாவது படியில் அதுவும் நின்றது.

பிறகு...

டக்.

ஸ்விட்ச் சத்தம். ஆறு படியும் ஒன்றாக அணைந்தது.

மோகனன் இருட்டில் நின்றான். விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். அவனே சொன்னான், அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை என்று. 'அக்கா விழப்போகிறாள், நான் காது கொடுத்து நிற்கிறேன்.' சத்தம் வரவில்லை.

6.55. போன் வெளிச்சத்தில் கன்ட்ரோலரைப் பார்த்தான். பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. அப்படியானால் டக் என்றது எது? கீழே இருக்கிற ஸ்விட்ச்தான் என்று தோன்றியது. அத்தான் அணைத்த ஸ்விட்ச். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பலகையைக் கழற்றினான்.

உள்ளே வயர் இல்லை.

ஒரு வயர்கூட இல்லை. சிமெண்டுத் தூள், சிலந்திக் கூடு, அவ்வளவுதான். நெய்யாற்றின்கரைக்காரன் வயரே இழுக்காமல் அழகுக்கு ஒரு ஸ்விட்சை வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறான். மோகனன் ஒரே ஒரு தடவை வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான்.

அந்தப் படி லைட்டைக் கீழிருந்து யாராலும் அணைக்க முடிந்ததே இல்லை. மேலிருந்துதான் முடியும்.

அக்கா ஆறாவது படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அணைத்த கை அவளுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

ஓடியிருக்கலாம். வாசல் பத்தடியில் இருந்தது. ஆனால் இரண்டு வருடமாக ஒரு பல்பைச் சுமந்தவன் அவன். பார்த்தே தீரவேண்டும் என்று ஏறினான். கீழிருந்து பதினாறு படியும் ஒழுங்காக எரிந்தன.

6.59. மேலே யாரும் இல்லை. அறைக் கதவுகள் சாத்தியிருந்தன. மொட்டை மாடிக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பழைய ஸ்விட்சைப் பார்த்தான். காலையில் அவன் கையாலேயே ஆஃப் செய்தது. இப்போது ஆனில் இருந்தது.

அணைத்தான். டக். அதே சத்தம்.

இறங்கினான். பதினாறு படியும் வெளிச்சம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஒன்று... இரண்டு... மூன்று...

நான்கு.

ஐந்து.

ஆறாவது படியில் கால் வைத்தான்.

டக்.

பின்னால்.

இருட்டு. ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். கழுத்துக்குப் பின்னால் மூச்சு இல்லை. சத்தம் இல்லை. ஆனால் இருந்தது. அவன் அடுத்த அடியை வைப்பதற்காகக் காத்துக்கொண்டு... இருந்தது.

அவன் திரும்பவில்லை.

உட்கார்ந்தான். நாற்பத்தொரு வயது ஆள், கைக்குழந்தை மாதிரி, இடுப்பால் ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினான். பத்துப் படி. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது. கடைசிப் படியிலிருந்து கால் தரையில் பட்டதும் பதினாறு படியும் மறுபடியும் எரிந்தன.

7.25க்கு பிந்துஜா வந்தாள். மாமன் வாசல் நடையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமல் இருந்ததுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"மக்கா, அன்னைக்கு மேல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல மாமா. அப்பா அம்பூரியில. நான் டியூஷன்ல. வந்தப்போ வாசல் உள்ள பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு எலியா அண்ணன்தான் உடைச்சாரு."

"பல்பு நல்லாத்தானே இருக்கு. அக்கா லைட்டு கெடுதுன்னு சொன்னாளே. பதினோரு வட்டம் சொன்னாளே."

பிந்துஜா அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான்.

"கெடுதுன்னு இல்ல மாமா. அம்மை போன் பண்ணும்போ நான் பக்கத்துல உண்டு. 'கெடுக்குது'ன்னாக்கும் சொல்லும். 'நான் இறங்கும்போ லைட்டைக் கெடுக்குது'ன்னு."

கெடுது. கெடுக்குது. நடுவில் இரண்டு எழுத்து. விளக்கு தானாகக் கெடவில்லை. எதுவோ அணைக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பதினோரு தடவை சொல்லியிருக்கிறாள். அவன் பதினோரு தடவையும் பல்பை மாற்றச் சொல்லியிருக்கிறான்.

"அம்மை லைட்டு பாக்கவா உங்களைக் கூப்பிட்டது? அதுக்கு ஊருல வேற ஆளா இல்ல? அம்மைக்குப் பேடி, பயம். அப்பாகிட்ட சொன்னா சிரிக்கும். கூடப்பிறந்தவன் ஒரு ராத்திரி இஞ்ச வந்து கிடந்தா ஒரு தைரியம்னு சொல்லும். அவ்வளவுதான்."

மோகனன் அழுதான். அழுது தீர்க்கிற கணக்கா அது? அவள் அழவில்லை. அவள் அறை மாடியில் இருந்தது. இரண்டு வருடமாக அவள் அங்கேதான் தூங்குகிறாள். அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்கும் கெடுக்குது மாமா" என்றாள் மெல்ல. "போன மாசத்துல இருந்து. நான் டார்ச் இல்லாம இறங்க மாட்டேன்."

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. உள்ளே படிக்கட்டு மஞ்சள் வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் புது லைட்டுக்கு ஸ்விட்ச் இல்லேல்லா? இதை அதுக்குக் கெடுக்க முடியாதுல்லா மாமா?"

மோகனன் மேலிருந்து ஆறாவது படியைப் பார்த்தான். அது இரண்டு தடவை அணைந்ததைக் கல்யாணப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"முடியாது மக்கா" என்றான்.

அவள் நம்பினாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறங்கும்போது இனி வேண்டாம் என்று அதிலிருந்த டார்ச்சை ஹால் மேஜையில் வைத்துவிட்டு, மாடிக்கு ஏற முதல் படியில் காலை வைத்தாள்.