அமெரிக்காவில் என் கவிதைகளுக்கு ஓர் இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குச் சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்று ஆசை வந்தது. வாரப் பத்திரிகைகள் என் கவிதைகளை விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. நானே நேராக உலகத்தின் முன் வைத்துவிட்டால் நடுவில் எந்த ஆசிரியரும் குறுக்கே நிற்க முடியாதே.

முதலில் ஓர் இலவச இடத்தில் வைத்தேன். இடம் இலவசம்தான், ஆனால் பக்கத்தின் உச்சியில் அவர்களுடைய விளம்பரம் ஓடும். பிரிவைப் பற்றி நான் உருகி எழுதிய கவிதைக்கு மேலே ஒரு வழுக்கைத் தலையில் முடி முளைப்பதும் மறைவதுமாக இருந்தது.

"கவிதைக்குப் பொருத்தமாத்தான் படம் போட்டிருக்காங்க" என்றாள் மனைவி.

காசு கொடுத்தே இடம் பிடிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மயிலாப்பூரில் ஒரு கம்பெனிக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் தனி சர்வரின் பெருமைகளை விளக்கி, டாலரில் வாடகை சொன்னார். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்காரர்கூட அவ்வளவு கேட்கத் துணிந்ததில்லை.

கடைசியில் தி. நகரில், புடவைக் கடை ஒன்றின் மாடியில், எனக்குத் தோதான ஆள் கிடைத்தார். அமெரிக்காவில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, துண்டு போட்டு இங்கே உள்வாடகைக்கு விடுவது அவர் தொழில்.

"ஒரே சர்வர்தான் சார். நெறைய பேர் கீறாங்க. ஆனா ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு பேரு. ஒருத்தர் வூட்டு சத்தம் இன்னொருத்தருக்குக் கேக்காது."

"மத்தவங்கல்லாம் யாரு?"

"எல்லாம் டீசன்ட் பார்ட்டிங்க சார். நீங்க தைரியமா கவிதை போடுங்க."

போட்டேன். பார்வையாளர் எண்ணிக்கை கொஞ்ச நாள் மெல்ல ஏறியது. நான் எத்தனை முறை போய்ப் பார்த்தேனோ அத்தனை. பிறகு ஒரு திங்கட்கிழமை பிரவுசிங் சென்டரில் பக்கத்தைத் திறந்தால், எண்ணிக்கை ஆயிரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. வாசகர்கள் கருத்து எழுதும் இடம் நிரம்பி வழிந்தது. 'போட்டோ எங்கே?' 'ப்ளீஸ், சீக்கிரம் போட்டோ போடுங்க.' 'துபாயிலிருந்து ஆவலோடு காத்திருக்கிறேன்.'

"எழுத்தைப் படிச்சவங்க எழுதினவன் முகத்தைப் பாக்க ஆசைப்படறது சகஜம்தானே" என்றேன் மனைவியிடம்.

"உங்க முகத்தையா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மயிலாப்பூர் ஸ்டூடியோ ஒன்றில் சால்வை போர்த்திக்கொண்டு, மோவாயில் கைவைத்து, தொலைவில் எதையோ பார்ப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டேன். அதைப் பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட்டேன்.

மறுநாள் வந்திருந்தவற்றுள் 'யாருய்யா இந்த ஆளு?' என்பதுதான் நாகரிகமானது. ஒருவர் மட்டும் பணிவாக, 'இவர் அவங்க அப்பாவா?' என்று விசாரித்திருந்தார்.

எவங்க? நேரே தி. நகர் மாடிக்கு ஏறினேன். அவர் திரையைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சாரி சார். உங்க பக்கத்து போர்ஷன்ல ஒரு நடிகையோட போட்டோ சைட்டு கீது. செம கூட்டம். நான் செட்டிங்க மாத்தறப்போ தப்பாயிடுச்சி. அங்க வர்றவன்லாம் உங்க வூட்டுக்குள்ள பூந்துக்கினு கீறான். இப்பவே சரி பண்ணிடறேன்."

"ஒண்ணும் அவசரமில்லை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் பார்ட்டி காலைலேர்ந்து கத்திக்கினு கீறாரு சார்" என்று சொல்லிக்கொண்டே சரிசெய்துவிட்டார்.

அதன்பின் ஈ காக்கைகூட வரவில்லை. வெகுநாள் கழித்து ஒரே ஒருவர் எழுதியிருந்தார்: பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரிகிறது, தன் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறா என்று. தமிழ் ஃபாண்டை எங்கிருந்து இறக்குவது, எந்த இடத்தில் போடுவது, போட்டபின் எந்தக் கவிதையிலிருந்து ஆரம்பிப்பது என்று விரிவாகப் பதில் எழுதினேன். அவரை அப்புறம் காணவில்லை.