இரண்டாம் குரல்

என் சிநேகிதியின் நினைவு ஆராதனையில் பாடகர் குழு பாட வேண்டும் என்று போதகர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். செத்துப்போனவளை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் நான் என் தொண்டையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, பயத்துக்கு இங்கிதம் தெரியாது.

நாங்கள் இருவரும் திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில் தட்டெழுத்தாளர்கள். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவள்தான் என்னைத் தேவாலயப் பாடகர் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனவள். சபைக்கெல்லாம் தெரிந்த மெட்டை மேற்குரல்காரர் பாடுவார்கள். நாங்கள் அதற்குக் கீழே ஓடுகிற இரண்டாம் குரல். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இராது. மற்றக் குரல்களோடு சேர்ந்தால்தான் அதற்கு ஒரு மதிப்பு. நான் அவளுடைய தோளை ஒட்டி நின்று, அவள் பாடுவதை ஒரு இமைப்பொழுது பிந்திப் பாடுவேன். யாருக்கும் தெரியாது. ஜெபமும் அப்படித்தான். அவள் ஜெபிப்பாள், நான் ஆமென் சொல்வேன். என்னுடைய விசுவாசம் முழுவதும் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எதைக் கண்டாலும் பயம். கிணற்றடிக்குப் போகப் பயம். உப்புவெளியில் பஸ் ஏறப் பயம். நெற்றி லேசாகச் சுட்டால் போதும், என் கதையும் முடிந்தது என்று நினைப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்குப் பட்டப்பகலிலும் பேய்தான். ஜெபிக்க முழங்காலில் நின்றால் ஒரு சொல்லும் வாயில் வராது. அவள் போனதோடு எனக்குக் கடவுளும் போய்விட்டாரோ என்று ஒருநாள் தோன்றியது. அந்த எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரிய பயம். ஆராதனையில் வாயடைத்து நின்றேனென்றால் அது உண்மையென்று ஆகிவிடும் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

அவள் இறந்த முப்பத்தோராம் நாள் ஆராதனைக்குச் சனம் நிறைந்திருந்தது. அவள் போன பிறகு குழு கூடிப் பாடுவது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் அவளுடைய தாய், வெள்ளைச் சேலையில். குழுவில் எனக்குப் பக்கத்து இடத்தை ஒருவரும் நிரப்பவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கை வேர்த்துப் பாட்டுப் புத்தகத்தின் மட்டை ஈரமாகிவிட்டது.

ஆர்மோனியம் வாசிக்கும் ரீச்சர் முன்னிசையை வாசித்து முடித்தார். நாங்கள் தொடங்க வேண்டும். ஒருவரும் தொடங்கவில்லை.

ரீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வாசித்தார். மறுபடியும் மௌனம். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. என்னால்தான் எல்லாம் கெடுகிறது என்று நினைத்து மெல்லத் திரும்பிப் பார்த்தேன். குழுவில் இருந்த அத்தனை பேரும் எனக்குப் பக்கத்து வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் சாமான் ஏற்றுகிற மிஷின் ஓட்டும் பெரிய உடம்புக்காரர் ஒருவர் எங்களுக்குக் கீழ்க்குரல் பாடுபவர். அவரும் வாயைத் திறந்தபடி அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொடங்குமுன் அவள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு மூச்சு இழுப்பாள். அந்த மூச்சைக் கேட்டுத்தான் குழு முழுவதும் தொடங்கியிருக்கிறது. நான் ஒருத்திதான் அவளில் சாய்ந்து நிற்கிறேன் என்று நினைத்தது என்ன மமதை!

முன்வரிசையில் இருந்த தாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"அவள் வரமாட்டாள், பிள்ளையள். நீங்கள் தொடங்குங்கோ."

பெரிய உடம்புக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். ரீச்சருடைய தோள்கள் குலுங்கின. சபையார் உட்கார்ந்திருந்த வரிசைகளில் சிரிப்பு வாங்கு வாங்காகப் பரவியது, கண்ணீரோடுதான். தேவாலயத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்குள் மூன்றாம் முறை முன்னிசை முடிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

எனக்குத் தெரிந்தது இரண்டாம் குரல் மட்டுந்தானே. அதுதான் வந்தது. ஒரு முழு வரி, துணையில்லாமல், நடுங்கிக்கொண்டு, மெட்டில்லாத மெட்டாகப் போயிற்று. அடுத்த வரியில் மேற்குரல்கள் வந்து சேர்ந்தன, பிறகு கீழ்க்குரல், பிறகு சபை. பயம் போகவில்லை. பயத்தோடேயே கடைசி வரைக்கும் பாடினேன். போதகர் ஜெபம் செய்தபோது ஆமெனுக்காகக் காத்திராமல், "ஆண்டவரே, அவளைப் பார்த்துக்கொள்ளும்" என்று எனக்குள் சொன்னேன். யாரோ கேட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தாய் என்னைக் கையைப் பிடித்து மறித்தார். முதலில் நான் தனியாகப் பாடினேனே, அது என்ன மெட்டு என்று கேட்டார். பிழை விட்டுவிட்டேனென்று கண்டிக்கப் போகிறார் என்று மறுபடியும் பயந்தேன். அது பிழையில்லை அன்ரி, அதுதான் எங்களுடைய இரண்டாம் குரல் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன்.



"அவள் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு அதைத்தான் படிக்கிறவள்" என்றார். "உனக்குப் பாட்டுப் படிக்கத் தெரியாது, பிழையாப் படிக்கிறாய் எண்டு நான் ஒவ்வொரு நாளும் ஏசினனான்."

அவள் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லையா என்று கேட்டேன். ஏச ஏச இன்னும் சத்தமாகப் பாடுவாளாம். அவள் அப்படித்தான். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். ஆனால் என் கையை விடவில்லை.

"இன்னொருக்காப் படி, மகள்" என்றார். "நான் ஏசமாட்டன்."